அப்பாவுக்கு வந்த வாக்குத்தத்தம் "நீடித்த நாட்கள்", இப்ப அப்பா இல்ல. 31 ராத்திரி ஆராதனைக்கு அம்மாவை எப்படி கூட்டிட்டு போறது?

ஓசூர்_நைட்ஷிஃப்ட் எழுதியது:

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கோங்க. எங்க ஊரு நாசரேத் பக்கம், சி.எஸ்.ஐ. (தென்னிந்திய திருச்சபை) குடும்பம், நான் வேலைக்கு ஓசூர்ல இருக்கேன். எங்க கோயில்ல வருஷா வருஷம் டிசம்பர் 31 ராத்திரி ஆராதனைல 12 மணி அடிச்சதும் ஐயர் (எங்க போதகர்) ஜெபம் பண்ணுவாரு, அப்புறம் ஒரு தட்டுல வாக்குத்தத்த அட்டை (அந்த வருஷத்துக்கு கர்த்தர் தர்ற வாக்குன்னு ஒரு பைபிள் வசனம் எழுதுனது) எல்லாம் கவுத்தி வச்சிருப்பாங்க, குடும்பம் குடும்பமா போயி ஆளுக்கு ஒண்ணு எடுத்துட்டு வரணும். போன தடவை எங்கப்பா எடுத்தது சங்கீதம் 91:16, "நீடித்த நாட்களால் அவனைத் திருப்தியாக்கி, என் இரட்சிப்பை அவனுக்குக் காண்பிப்பேன்." அப்பாவுக்கு அவ்ளோ சந்தோஷம், வீட்டுக்கு வந்ததும் பீரோ கண்ணாடில ஒட்டி வச்சுட்டாரு, வர்றவங்க போறவங்ககிட்ட எல்லாம் காட்டுவாரு.

ஜூன்ல கணையத்துல கேன்சர்னு சொன்னாங்க. அக்டோபர்ல அடக்கம் பண்ணிட்டோம். வயசு 59.

அம்மா கோயிலுக்கு போறத நிறுத்தல, ஞாயித்துக்கிழமை தவறாம போறாங்க. ஆனா 31 ராத்திரிக்கு மட்டும் வரலைன்னு சொல்லிட்டாங்க. "அந்த தட்டு முன்னாடி போயி நிக்க என்னால முடியாதுப்பா"ன்னாங்க. துக்கம் கேக்க வந்த சொந்தக்கார பெரியம்மா ஒருத்தங்க வேற "வாக்குத்தத்தம் கைல கொடுத்துருந்தாரே கர்த்தரு, நீங்கதான் விசுவாசத்தோட பிடிச்சுக்கல"ன்னு சொல்லிட்டு காபி குடிச்சுட்டு போயிட்டாங்க, அன்னைக்கு முழுக்க அம்மா யார்கிட்டயும் பேசல.

நான் தேவன்கிட்ட கோவமா இருக்கேன்னு இல்ல. ஆனா புது வருஷம்னு நெனச்சாலே வயித்துல ஒரு பயம் வருது, போன வருஷம் இதே நேரம் எவ்ளோ நம்பிக்கையா இருந்தோம்னு ஞாபகம் வந்து. அந்த வசனத்துக்கு என்னதான் அர்த்தம்? இந்த வருஷம் அட்டை எடுக்கணுமா வேண்டாமா? அம்மாவை வற்புறுத்தி கூட்டிட்டு போகலாமா? தெரிஞ்சவங்க சொல்லுங்க. கார்டுல வேற வசனத்த மாத்தி எடுத்திருக்கலாம்னு மட்டும் யாரும் சொல்லிறாதீங்க, அதையும் ஒருத்தர் சொல்லியாச்சு.

---

தாமிரபரணி_தண்ணி எழுதியது:

தம்பி, அப்பாவுக்காக வருத்தப்படுறேன். அந்த பெரியம்மா பேச்ச முதல்ல காதுல இருந்து எடுத்து போடுங்க. பைபிள்ல எல்லாத்தையும் இழந்து நின்ன யோபுவோட சிநேகிதர்கள் இதே வேலையத்தான் பண்ணாங்க, "உன்கிட்ட ஏதோ குறை இருக்கு, அதான் இப்படி"ன்னு அதிகாரம் அதிகாரமா பேசுனாங்க, கடைசில 42:7ல கர்த்தர் அவங்க மேல தான் கோபப்படுறாரு, யோபு மேல இல்ல.

அடுத்து சங்கீதம் 91. இந்த சங்கீதத்த பைபிள்ல வேற யாரு எடுத்து பேசுறான்னு பாருங்க. மத்தேயு 4:6. பிசாசு. இயேசுவ தேவாலயத்து உப்பரிகை மேல நிறுத்தி, குதி, தூதர்கள் கையில ஏந்திக்குவாங்கன்னு எழுதியிருக்கேன்னு இதே 91லருந்து தான் 11, 12 வசனத்த எடுத்து காட்டுறான். ஒரு வசனத்த தனியா பிச்சு எடுத்து "இது இப்படியே நடந்தாகணும்"னு கேக்குறத, கர்த்தரைப் பரீட்சை பாராதிருப்பாயாகன்னு சொல்லி இயேசு மறுத்துட்டாரு. அவரே நீடித்த நாள் வாழல, முப்பது சொச்சம் வயசுல சிலுவை. அப்ப சங்கீதம் 91 பொய்யான்னா இல்ல, அது தேவனுக்குள்ள அடைக்கலமா இருக்குறவனோட பாட்டு, ஆயுசுக்கு எழுதிக் கொடுத்த பாண்டு பத்திரம் கிடையாது.

இந்த சீட்டு எடுக்குற பழக்கம் பத்தியும் சொல்றேன், எனக்கு இதுல கொஞ்சம் பைத்தியம் உண்டு. ஜெர்மனில ஹெர்ன்ஹட்னு ஒரு ஊரு, மொரேவியன் சபைக்காரங்க ஊரு. அங்க 1728 மே மாசம் சின்சன்டார்ஃப்ங்கிற பிரபு சாயங்கால கூட்டத்துல மறுநாளைக்குன்னு ஒரு வசனம் கொடுத்தாரு, அது அப்படியே தினமும் வீடு வீடா சொல்ற வழக்கமாச்சு, 1731க்கு முதல் தடவையா வருஷம் முழுசுக்கும் புஸ்தகமா அச்சடிச்சாங்க, இன்னைக்கு வரைக்கும் வருது. பழைய ஏற்பாட்டு வசனத்த இன்னமும் சீட்டு போட்டு தான் எடுக்குறாங்க. ஆனா கவனிங்க, அங்க ஒரு நாளைக்கு ஒரே வசனம், ஊருக்கே பொது. உனக்கு ஒண்ணு எனக்கு ஒண்ணுன்னு ஆளாளுக்கு ராசிபலன் மாதிரி கிடையாது. நம்ம ஊர்ல அத ஆளுக்கு ஒண்ணா பிரிச்சு கொடுத்ததுல தான் இந்த வலி எல்லாம் வருதுன்னு நான் நெனைக்கிறேன். ஐயர்மாருக்கும் இது தெரியும், ஆனா அட்டை இல்லன்னா ஜனங்க மொகம் சுளிக்கும், அதனால விட மாட்டாங்க.

---

எழுப்புதல்_சேலம் எழுதியது:

பிரதர் ஸ்தோத்திரம். மேல எழுதுனவர் வாக்குத்தத்தத்தையே ராசிபலன் ரேஞ்சுக்கு பேசுறது எனக்கு கஷ்டமா இருக்கு. எங்க சபைலயும் வருஷ வாக்குத்தத்தம் உண்டு, போதகர் மாசக்கணக்கா உபவாசம் இருந்து ஜெபிச்சு சபைக்கே ஒரு வசனம் கொடுப்பாரு, பேனர்ல போட்டு மேடைக்கு பின்னாடி வருஷம் முழுக்க தொங்கும், அதப் பிடிச்சுக்கிட்டு கடன்லருந்து குடியிலருந்து வெளிய வந்த குடும்பங்கள என் கண்ணால பாத்திருக்கேன். எசேக்கியா ராஜாவுக்கு மரிச்சுப்போவன்னு சொன்ன பிறகும் அழுது ஜெபிச்சதால கர்த்தர் 15 வருஷம் கூட்டிக் கொடுக்கலையா? ஏசாயா 38 படிங்க.

உங்க அப்பாவுக்கு கொடுத்த வசனத்துல ரெண்டாவது பாதிய பாருங்க, "என் இரட்சிப்பை அவனுக்குக் காண்பிப்பேன்". அது நிறைவேறிடுச்சு பிரதர். நித்தியத்துல அவருக்கு நீடித்த நாள் தான். அம்மாகிட்ட இதச் சொல்லுங்க. எரேமியா 29:11 சொல்லி ஜெபிங்க, "அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே." இந்த வருஷம் உங்க குடும்பத்துக்கு இரட்டிப்பான ஆசீர்வாதம்.

---

சும்மா_பாக்க_வந்தவன் எழுதியது:

நான் சாமி கும்பிடுற ஆளு இல்ல, ஃப்ரெண்டு லிங்க் அனுப்புனான்னு வந்தேன். தட்டுல குலுக்கி எடுக்குறது லாட்டரி தானே பாஸ், இதுல விழுந்தா கடவுள் சொன்னது, விழலன்னா விசுவாசம் பத்தல, கடை எப்பவும் நஷ்டமே ஆகாது. திட்டாதீங்க, அப்பா போனதுக்கு நெஜமாவே வருத்தம்.

---

தாமிரபரணி_தண்ணி எழுதியது:

@சும்மா_பாக்க_வந்தவன் திட்ட மாட்டேன், நீங்க சொன்னதுல பாதி நானும் சொன்னது தான்.

@எழுப்புதல்_சேலம் பிரதர், எசேக்கியாவ எடுத்தீங்க சரி. அந்த கூட்டிக் கொடுத்த 15 வருஷத்துல தான் அவரு மகன் மனாசே பொறந்தான், ராஜாவாகும்போது அவனுக்கு 12 வயசுன்னு 2 ராஜாக்கள் 21:1ல இருக்கு, யூதாவோட ரொம்ப மோசமான ராஜா அவன்தான். ஆயுசு நீண்டா எல்லாம் ஆசீர்வாதம்னு அந்தக் கதையே சொல்லல.

எரேமியா 29:11ம் அப்படித்தான். பாபிலோனுக்கு சிறைபிடிச்சுட்டு போன ஜனங்களுக்கு எரேமியா எழுதுன கடிதாசி அது. புது வருஷ காலண்டர், கார் கண்ணாடி ஸ்டிக்கர், வாட்ஸ்அப்னு எல்லா எடத்துலயும் அந்த ஒரு வசனம் தான், அதுக்கு முந்துன 10ஆம் வசனத்த யாரும் அச்சடிக்க மாட்டாங்க. பாபிலோன்ல 70 வருஷம் நிறைவேறுன பின்னாடி தான் உங்கள திரும்ப கூட்டிட்டு வருவேன்னு அங்க இருக்கு. 70 வருஷம்! அந்த கடிதாசி வந்தப்ப அத வாசிச்ச பெரியவங்கள்ல முக்காவாசி பேரு ஊரு திரும்பாம பாபிலோன்லயே செத்துருப்பாங்க. அதுக்கு முந்துன 28ஆம் அதிகாரத்துல அனனியான்னு ஒரு தீர்க்கதரிசி வந்து, ரெண்டே வருஷத்துல எல்லாம் சரியாயிரும்னு ஜனங்க முன்னாடி எரேமியா கழுத்துல கெடந்த நுகத்த எடுத்து உடைச்சு காட்டுவான். நல்ல கைதட்டு கெடச்சிருக்கும். அவன் சொன்னது பொய், அந்த வருஷமே ஏழாம் மாசம் அவன் செத்தும் போனான். எரேமியா என்ன எழுதுனாரு? வீடு கட்டுங்க, தோட்டம் போட்டு அதோட பழத்த சாப்பிடுங்க, புள்ளைங்களுக்கு கல்யாணம் பண்ணி வைங்க, நீங்க இருக்குற பட்டணத்தோட சமாதானத்துக்காக ஜெபிங்க. சீக்கிரம் சரியாயிரும்னு அவரு சொல்லவே இல்ல, ஆனா உங்கள கைவிடலன்னு சொன்னாரு. அதனால தயவுசெஞ்சு அந்த பையன்கிட்ட "இரட்டிப்பான ஆசீர்வாதம்"னு இப்ப சொல்லாதீங்க, அப்பா போயி மூணு மாசம் கூட ஆகல.

---

எழுப்புதல்_சேலம் எழுதியது:

ஆறுதலுக்கு தான் சொன்னேன் அண்ணே, மனசு நோகடிக்க இல்ல. ஆனாலும் தேவன் இன்னைக்கும் அற்புதம் செய்யுறாருன்னு நம்பாம புது வருஷத்துக்குள்ள எப்படி காலு வைக்குறது? நம்பிக்கைய குறைச்சுக்கிட்டா ஏமாற்றம் இருக்காதுங்குறது சரி, ஆனா அதுக்கு பேரு விசுவாசம் இல்லையே.

---

முத்துநகர்_கடலோரம் எழுதியது:

நான் கத்தோலிக்கன், தூத்துக்குடி. எங்களுக்கு இந்த அட்டை வழக்கம் பெருசா கிடையாது (சில பங்குல இப்ப ஆரம்பிச்சிருக்காங்க, உங்கள பாத்து தான்). ஜனவரி 1 எங்களுக்கு மரியா இறைவனின் தாய் பெருவிழா, 31 ராத்திரி நன்றி வழிபாடு, ஆராதனை, அப்படியே புத்தாண்டு திருப்பலி. முதல் வாசகம் எண்ணிக்கை 6ஆம் அதிகாரம், ஆரோன் மக்களுக்கு சொல்ல வேண்டிய ஆசி, "ஆண்டவர் உனக்கு ஆசி வழங்கி உன்னைக் காப்பாராக". எல்லாருக்கும் அதே வாசகம் தான், போன வருஷமும் அதுதான் அடுத்த வருஷமும் அதுதான்.

சேலம் பிரதர் கேட்டது நியாயமான கேள்வி, எனக்கு பதில் தெரியாது, ஒண்ணு மட்டும் சொல்றேன். 2004ல சுனாமி வந்தது டிசம்பர் 26, ஞாயித்துக்கிழமை, கிறிஸ்மஸுக்கு மறுநாள். வேளாங்கண்ணில திருயாத்திரைக்கு வந்த சனம் கடக்கரைல எவ்ளோ பேரு போனாங்கன்னு தெரியும்ல, மாதாவ பாக்க வந்தவங்க. அஞ்சு நாள் கழிச்சு புது வருஷம். அப்ப நான் ஸ்கூல் பையன். எங்க தெருவுல பட்டாசு இல்ல, கேக் இல்ல, ஆனா கோயில் நெறஞ்சு இருந்துச்சு, சொல்லப்போனா எல்லா வருஷத்தையும் விட கூட்டம். சாமியார் பிரசங்கம் ரொம்ப சின்னது, ஏன் நடந்துச்சுன்னு எங்கிட்ட கேக்காதீங்க, வாங்க சேர்ந்து ஜெபிப்போம்னாரு. அன்னைக்கு நற்செய்திலயும் மாதா ஒண்ணும் பேச மாட்டாங்க, லூக்கா 2, இடையர்கள் வந்து சொன்னத எல்லாம் மனசுல வச்சு யோசிச்சுக்கிட்டு இருந்தாங்கன்னு மட்டும் தான் வரும். புரியாதத புரியாமலே மனசுல வச்சுக்கிட்டு கோயிலுக்கு வர்றதும் விசுவாசம் தான் தம்பி, உங்கம்மா ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை அததான் பண்ணிக்கிட்டு இருக்காங்க.

2023 டிசம்பர் வெள்ளமும் அப்படித்தானே. 17, 18 தேதி, காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 90 சென்டிமீட்டருக்கு மேல மழை, நாசரேத் ஸ்ரீவைகுண்டம் பக்கம் எல்லாம் தீவு மாதிரி ஆச்சு. உங்க ஊரு சனத்துக்கு நான் சொல்லி தெரியணும்னு இல்ல. அந்த வருஷ 31 ராத்திரியும் சேறு கழுவுன கோயில்ல ஆராதனை நடந்துச்சு.

---

ரிட்டயர்டு_டீச்சர்_மார்த்தாண்டம் எழுதியது:

மக்களே, நீங்க எல்லாம் வசனத்துக்கு வசனம் பேசுனது நல்லா இருக்கு, ஆனா அந்த அம்மாவ பத்தி யாரும் பேசல. நான் பேசுறேன், எனக்கும் வீட்டுக்காரர் இல்ல.

தம்பி, அம்மாவ வற்புறுத்தாதே. முதல் வருஷம் 31 ராத்திரி எப்படி இருக்கும்னா, 12 மணி அடிச்சதும் கோயில்ல எல்லாரும் அவங்கவங்க வீட்டு ஆளுக்கு கைகொடுப்பாங்க, புருஷன் பெஞ்சாதி சிரிச்சுக்குவாங்க, அந்த ஒரு நிமிஷம் நமக்கு கைய எங்க வைக்கதுன்னே தெரியாது. அப்புறம் வெளிய வந்தா கேக்கு காப்பி, "ஹேப்பி நியூ இயர்"னு சொல்ல வர்றவங்க நம்மள பாத்ததும் மொகத்த மாத்திக்குவாங்க, சொல்லவா வேண்டாமான்னு. அது தான் கஷ்டம், அட்டை எல்லாம் ரெண்டாவது. அம்மா வரலன்னா நீயும் வீட்டுல இரு. நீ கட்டாயம் போகணும்னா சித்தி அத்தைன்னு யாராவது ஒருத்தர கூட இருக்க வை, அந்த வசனம் பேசுன பெரியம்மா மட்டும் வேண்டாம். யோபுவோட சிநேகிதங்க வந்ததும் ஏழு நாளு ராவும் பகலும் ஒரு வார்த்தை பேசாம அவங்கூட தரையில உக்காந்தாங்க, அது வரைக்கும் நல்லவங்க தான், வாய தொறந்த பொறவு தான் கெட்டுச்சு.

வீட்டுல இருந்தா ராத்திரி படுக்கதுக்கு முன்ன ரெண்டு பேரும் ஒரு சங்கீதம் வாசிச்சு ஜெபம் பண்ணுங்க. 91 வேண்டாம். 90 வாசிங்க, பக்கத்துலயே இருக்கு, மோசேயோட ஜெபம். "எங்கள் நாட்களை எண்ணும் அறிவை எங்களுக்குப் போதித்தருளும்"னு அதுல தான் வருது. ஆயுசு 70, பெலம் இருந்தா 80, அதுவும் வருத்தமும் சஞ்சலமும்னு ஒளிவு மறைவு இல்லாம சொல்லும். எனக்கு அந்த சங்கீதம் தான் அந்த வருஷம் ஒத்தாசையா இருந்துச்சு, ஏன்னா அது என்கிட்ட நல்லாருக்கேன்னு நடிக்கச் சொல்லல.

சேலத்து தம்பி கேட்டதுக்கும் சொல்லுகேன். தானியேல் 3ல, ராஜா வச்ச சிலைய கும்பிட மாட்டோம்னு சொன்ன அந்த மூணு பையன்மாரும் நெருப்புச் சூளை முன்னாடி நின்னு, எங்க தேவன் எங்கள விடுவிப்பாருன்னு சொல்லிட்டு உடனே அடுத்த வாக்கியத்துல "விடுவிக்காமற்போனாலும்"னு ஒண்ணு சொல்லுவாங்க பாருங்க. ரெண்டையும் சேர்த்து சொன்னவங்கள யாராவது விசுவாசம் குறைஞ்சவங்கன்னு சொல்ல முடியுமா? நீ முதல் பாதிய விடாத, தண்ணி அண்ணன் ரெண்டாவது பாதிய விடாம இருக்கட்டும், சண்ட போடாதீங்க.

இன்னொண்ணு. அம்மாவுக்கு 31 ராத்திரி வேண்டாம்னா ஜனவரி முதல் ஞாயிறு உடன்படிக்கை ஆராதனைக்கு கூட்டிட்டு போ. பல சி.எஸ்.ஐ. கோயில்ல இது உண்டு. மெத்தடிஸ்டுகாரங்ககிட்ட இருந்து வந்தது, அந்த இயக்கத்த ஆரம்பிச்ச ஜான் வெஸ்லி 1755ல லண்டன்ல முதல்ல நடத்துனாரு, 1947ல சபைகள் எல்லாம் ஒண்ணா சேர்ந்து சி.எஸ்.ஐ. ஆனப்ப நமக்கும் வந்துச்சு. அதுல கர்த்தர் உனக்கு என்ன தருவாருன்னு இருக்காது. நாம தான் சொல்லுவோம், நான் இனி எனக்குச் சொந்தமில்ல, உம்முடையவன், என்ன வேலைக்கு வச்சாலும் சரி, பாடுபட வச்சாலும் சரி, நிரப்பினாலும் சரி, வெறுமையாக்கினாலும் சரின்னு. இழப்புல இருக்குறவங்களுக்கு அந்த ஜெபம் சொல்ல நாக்கு வராது, எனக்கும் முதல் வருஷம் வரல, பக்கத்துல இருந்தவங்க சொன்னாங்க, நான் நின்னுட்டு வந்தேன். போதும் அது.

---

தாமிரபரணி_தண்ணி எழுதியது:

டீச்சரம்மா சொன்னதுக்கு அப்புறம் நான் என்னத்த சொல்ல. ஒரு துணுக்கு மட்டும்: இந்த விழிப்பு ஆராதனைய வெஸ்லி ஆரம்பிச்சப்ப அது வருஷக் கடைசிக்கு மட்டும் இல்ல, மாசாமாசம் பௌர்ணமிய ஒட்டி வச்சாராம், ஆராதனை முடிஞ்சு நடுராத்திரில ஜனங்க நெலா வெளிச்சத்துல வீட்டுக்கு நடந்து போக வசதியா இருக்கும்னு. 31 தான் புனிதமான ராத்திரி, அதுக்கு வரலன்னா வருஷமே சரியிருக்காதுன்னு யாராவது உங்கம்மாவ பயமுறுத்துனா இதச் சொல்லுங்க.

---

ஓசூர்_நைட்ஷிஃப்ட் எழுதியது:

எல்லாருக்கும் ரொம்ப தேங்க்ஸ், சும்மா பாக்க வந்தவருக்கும் தான். நேத்து ராத்திரி ஃபோன்ல அம்மாகிட்ட இதுல பாதிய வாசிச்சு காட்டுனேன். பிசாசு அந்த சங்கீதத்த சொன்னான்னதும் "அப்படியா, ஞாயிறு பள்ளில படிச்சது தான், தோணவே இல்ல பாரு"ன்னாங்க. எரேமியா கதைக்கு ஒண்ணும் சொல்லல. டீச்சரம்மா எழுதுன கைய எங்க வைக்கதுன்னு தெரியாதுங்குற எடத்துல அழுதுட்டாங்க, அப்புறம் அந்த அம்மாவுக்கு எத்தன புள்ளைங்கன்னு கேட்டாங்க, நான் தெரியாதுன்னுட்டேன்.

31க்கு வரல, அது முடிவு. நானும் வீட்ல தான். முதல் ஞாயிறுக்கு வர்றேன்னு சொல்லிருக்காங்க, ஆனா எங்க கோயில்ல அந்த உடன்படிக்கை ஆராதனை நடக்குமான்னே தெரியல, நான் பாத்த ஞாபகம் இல்ல, திருவிருந்து மட்டும் தான் ஞாபகம் இருக்கு. பீரோ கண்ணாடில இருக்குற அட்டைய எடுக்கணுமா விடணுமான்னு கேட்டேன், "அது உங்கப்பா ஒட்டுனது, கெடக்கட்டும், நீ அதுல கைவைக்காத"ன்னுட்டாங்க.

அந்த உடன்படிக்கை ஜெபம் தமிழ்ல எங்க கிடைக்கும்?

---

ரிட்டயர்டு_டீச்சர்_மார்த்தாண்டம் எழுதியது:

மூணு புள்ளைங்கன்னு அம்மாகிட்ட சொல்லு, ரெண்டு பொண்ணு ஒரு பையன்.

சி.எஸ்.ஐ. ஆராதனை முறைமை புஸ்தகத்துல இருக்கும். எல்லா சேகரத்துலயும் (ஒரு ஐயரு பொறுப்புல இருக்குற சபைங்க) நடத்துறது இல்ல, திருநெல்வேலி தூத்துக்குடி பக்கம் பழைய ஆங்கிலிக்கன் ஊருங்க, அதனால நீ பாக்காம இருந்துருக்கலாம். இப்பவே ஐயருக்கு ஃபோன் போட்டு கேளு, கடைசி நேரத்துல கேட்டா கிறிஸ்மஸ் வேலைல மறந்துருவாரு. நடத்தலன்னா அந்த பக்கத்த மட்டும் ஃபோட்டோ எடுத்து அனுப்பச் சொல்லு, வீட்டுலயே வாசிக்கலாம்.

---

எழுப்புதல்_சேலம் எழுதியது:

பிரதர் அம்மா பேரு மட்டும் தனி மெசேஜ்ல அனுப்புங்க, எங்க சபைல 31 ராத்திரி ஜெபத்துல வைக்கிறோம். வசனம் எதுவும் சொல்ல மாட்டேன்.

---

ஓசூர்_நைட்ஷிஃப்ட் எழுதியது:

அனுப்பிட்டேன் பிரதர். ஐயருக்கும் பேசிட்டேன், புஸ்தகம் இருக்காம், இந்த தடவ நடத்தலாம்னு கமிட்டில கேட்டு சொல்றேன்னாரு. முதல் ஞாயிறு காலைல 8:30, நான் ஷிஃப்ட் மாத்தி வாங்கிட்டேன்.